சனி, ஞாயிறு நடவு: பிள்ளைகளை அனுப்புவோர் கவனத்திற்கு

அனைவருக்கும் வணக்கம். சம்பா நாற்று நடவுக்குத் தயார். இந்தச் சனி, ஞாயிறு காலை 6 மணிக்குப் பண்ணையில் வேலை தொடங்குகிறது. 9ஆம் வகுப்பு முதல் கல்லூரி வரை படிக்கும் பிள்ளைகள் வரலாம்.

இந்த முறை ஒற்றை நாற்று நடவு. 14 நாள் நாற்றைப் பிடுங்கி அரை மணி நேரத்துக்குள், கயிறு பிடித்து 25 சென்டிமீட்டர் இடைவெளியில் ஒவ்வொன்றாக ஊன்ற வேண்டும். ஆழமாக அழுத்தினால் தூர் கட்டாது, அதாவது அடியிலிருந்து பக்கக் கிளைகள் வெடிக்காது. பொறுமையாகச் செய்தால் போதும், வேகம் பழக்கத்தில் வரும். நமக்கு நடவு சொல்லித்தரப்போவது ஊர் அக்காமார்கள்தான். பாடம் எடுக்கத் தனியாக யாரும் வரவில்லை, தேவையும் இல்லை.

சனி மாலை, பயிருக்கு ஊட்டம் தரும் இயற்கைக் கரைசலான ஜீவாமிர்தம் தயாரிப்போம். 200 லிட்டர் தண்ணீர், 10 கிலோ சாணம், 10 லிட்டர் கோமியம், 2 கிலோ வெல்லம், 2 கிலோ பயறு மாவு, ஒரு கைப்பிடி வரப்பு மண். 48 மணி நேரம் ஊற வேண்டும் என்பதால் ஞாயிறும் வருகிறவர்கள் கலக்கிவிட வேண்டும். வாடைக்கு முகம் சுளிக்கக் கூடாது!

நடவோடு வேலை முடியாது. பத்து நாள் கழித்துக் கோனோவீடர் (கையால் தள்ளும் களையெடுக்கும் கருவி) ஓட்டவும் ஆள் வேண்டும். போட்டோ எடுக்க வருபவர்களைவிடக் களைக்கு வருபவர்களே எங்களுக்கு முக்கியம்.

முழுக்கைச் சட்டை, தொப்பி, மாற்றுத்துணி அவசியம். வைக்கோல் போரில் கை விடக் கூடாது, பாம்பு இருக்கும். 18 வயதுக்குக் கீழ் என்றால் பெற்றோர் கடிதம் வேண்டும். காலைக்குக் கம்மங்கூழ், மதியம் சாப்பாடு உண்டு.

பெயரை வியாழனுக்குள் அட்மினுக்குத் தனியாக அனுப்புங்கள். குழுவில் போட்டால் குட்மார்னிங் படங்களுக்கு நடுவே தொலைந்துவிடும்.