ஒழுங்கு யாருக்கு வராது?

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

கடந்த ஞாயிறு இதழின் கணினிப் பக்கத்தில், நிரலை எவரும் பார்த்துத் திருத்தி அனுப்பக்கூடிய திறந்த மூல மென்பொருள்களுக்குப் பங்களிப்பது பற்றிய கட்டுரையில், "வன்னிப் பிள்ளைகளுக்கு நிரல் எழுத வரும், ஒழுங்குதான் வராது" என்றொரு வரி இருந்தது. வன்னியின் பரந்தனில் பதினொரு வருடங்களாகக் கணினி வகுப்பு நடத்துகிறவன் என்ற முறையில் அந்த ஒழுங்கைப் பற்றிச் சிறிது எழுதத் தங்கள் அனுமதியைக் கோருகிறேன்.

லினக்ஸை ஆக்கிய லினஸ் டொர்வால்ட்ஸ், நிரலின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிற் மென்பொருளை 2005இல் உருவாக்கியதே, லினக்ஸ் இயங்குதளத்தின் கருவான கேர்னலுக்குப் பல திசைகளிலிருந்தும் வந்து குவியும் திருத்தங்களைக் குழப்பமின்றிச் சேர்ப்பதற்குத்தான் என்பது தாங்கள் அறியாததல்ல. ஒரு கொமிற்றில், அதாவது கிற்றில் சேர்க்கும் ஒரு திருத்தப் பதிவில், ஒரு மாற்றம் மட்டுமே இருக்க வேண்டும், தலைப்பு வரி ஏறத்தாழ 50 எழுத்துக்குள் அடங்க வேண்டும், அடுத்த வரியை வெறுமையாக விட்டு அதன் கீழே மாற்றத்துக்கான காரணத்தை 72 எழுத்துக்கு ஒரு வரியாக மடித்து எழுத வேண்டும் என்பவற்றை என் மாணவர்கள் முதல் மாதத்திலேயே படித்துவிடுகிறார்கள். லினக்ஸ் கேர்னலில் உள்தள்ளலுக்கு, அதாவது வரியின் தொடக்கத்தில் விடும் இடைவெளிக்கு, 8 இட அகல டாப். பைத்தன் நிரல்மொழியின் வழிகாட்டியில் 4 வெற்றிடங்கள். போன வீட்டின் வழக்கப்படி நடப்பதுதான் மரியாதை என்று அவர்களுக்குச் சொல்லி வைத்திருக்கிறேன்.

சென்ற மாசியில் என் மாணவி ஒருத்தி, ஒரு மென்பொருளின் ஊர்ப் பட்டியலில் கிளிநொச்சியின் பெயர் பிழையாக இருந்ததைத் திருத்தி, தமிழிலேயே தலைப்பு எழுதி அனுப்பினாள். மூன்று தரம் திரும்பி வந்தது. முதல் தரம், வரியின் முடிவில் ஒட்டிக்கொண்டிருந்த ஒரேயொரு வெற்றிடம். அது எங்கள் பிழைதான். மற்ற இரு தரமும் தலைப்பு நீளம் என்றது சரிபார்க்கும் நிரல். உட்கார்ந்து பார்த்தால், அது எழுத்தை விட்டுவிட்டு, கணினிச் சேமிப்பின் அலகான பைற்றை எண்ணுகிறது! கிளிநொச்சி எங்களுக்கு ஐந்தெழுத்து. எல்லா மொழி எழுத்துகளுக்கும் எண் கொடுக்கும் யூனிகோட்டில் 10 குறியீடுகள். அவற்றைச் சேமிக்கும் யூரிஎப்-8 முறையில் 30 பைற். ஊர்ப் பெயரை எழுதியவுடனேயே 50இல் 30 போய்விட்டது. அவள் அந்த எண்ணும் முறையையும் திருத்தித் தனிக் கொமிற்றாக அனுப்பினாள், இரண்டையும் ஏற்றுக்கொண்டார்கள். இதுதான் ஒழுங்கு வராத பிள்ளை.

ஒழுங்கைப் பற்றிய அக்கட்டுரையிலேயே திருத்தப் பதிவைக் குறிக்கும் அச்சொல் 'கமிட்', 'கம்மிட்', 'கொமிட்' என மூன்று விதமாக அச்சாகியிருந்தது. போகட்டும். இரண்டு வருடங்களுக்கு முன் தங்களுக்கு எழுதிய கடிதத்தில் நான் 'கொமிற்' என்று எழுதிய இடமெல்லாம் 'கமிட்டி' ஆக்கப்பட்டு, "ஒவ்வொரு கமிட்டிக்கும் தெளிவான தலைப்பு வேண்டும்" என்று என் பெயரில் வெளிவந்தது. எங்கள் ஊர்ச் சங்கத் தலைவர் வீடு தேடி வந்து, தம்மைத்தான் குத்திக் காட்டினேனா என்று கேட்டார். திருத்தம் கேட்டு எழுதிய கடிதத்துக்கு இன்றுவரை பதில் இல்லை. எங்கள் பக்கத்து வெள்ளத்துக்கும் வரட்சிக்கும் மட்டுமே தங்கள் பத்திரிகையில் இடம் கிடைக்கிறது.

கிற்றில் 'பிளேம்', அதாவது 'குற்றஞ்சாட்டு', என்றொரு கட்டளை உண்டு. எந்த வரியை யார், எந்த நாளில், எந்தக் கொமிற்றில் கடைசியாகத் தொட்டார் என்று வரிக்கு வரி காட்டிவிடும். தங்கள் அலுவலகத்தில் அப்படியொன்று இருந்திருந்தால், என்னைக் கமிட்டிக்காரனாக்கிய அன்பருக்கு நேரில் வந்து நன்றி சொல்லியிருப்பேன்.

நான் கேட்பது சிறிய விடயம். 'கொமிற்' என்றோ வேறெப்படியோ, இனிமேல் அச்சொல்லை ஒரே விதமாக அச்சிடுங்கள். இக்கடிதத்தில் கொமிற் என்னும் சொல், இதனையும் சேர்த்து, ஆறு இடங்களில் வருகிறது, எண்ணித்தான் அனுப்புகிறேன்.

இங்ஙனம்,
கணினி ஆசிரியர் ஒருவர்,
பரந்தன்.