செயலாளரின் ஆண்டறிக்கை: இசைத்தட்டும் டிஜிட்டல் பதிவும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பாளையங்கோட்டையிலிருந்தும் நெல்லை டவுனிலிருந்தும் வந்திருக்கும் உறுப்பினர்களே, வணக்கம்.

நம் இசைத்தட்டு ஆர்வலர் சங்கத்தின் மாதக் கூட்டங்கள் தடையின்றி நடந்தன. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் வாசிப்பார்.

இசைத்தட்டா, டிஜிட்டலா என்ற விவாதம்தான் இந்த ஆண்டு முழுவதும் நம்மை ஆட்கொண்டது. தட்டில் இருக்கும் இதம் டிஜிட்டலில் வராது என்பது மூத்த உறுப்பினர்களின் உறுதியான கருத்து. அதை மதித்தே ஒரு சோதனை வைத்தோம். ஓர் எல்.பி. தட்டை, அதாவது நீண்ட நேரம் ஓடும் வினைல் பிளாஸ்டிக் தட்டை, சிடி தரத்தில், அதாவது 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸில் பதிவு செய்தோம். தட்டையும் பதிவையும் ஒரே ஆம்ப்ளிஃபயர் வழியாகத் திரைக்குப் பின்னாலிருந்து மாற்றி மாற்றி ஒலிக்கவிட்டோம். இரண்டின் ஒலி அளவையும் மீட்டர் வைத்துச் சமன் செய்தது மிக முக்கியம். சற்றே உரக்க ஒலிப்பதையே காது மேலானது என்று எண்ணிவிடும். எது தட்டு, எது பதிவு என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. ஊசியின் கரகரப்பு உட்பட அந்த இதம் முழுவதும் பதிவுக்குள் வந்திருந்தது. ஆகவே டிஜிட்டல் அதை அழிப்பதில்லை என்பதே என் முடிவு. பழைய பாடல்களின் சில சிடிக்கள் காதைக் குத்துகின்றன என்றால், மறுவெளியீட்டின்போது ஒலியை அளவுமீறி உயர்த்தியவர்களைத்தான் கேட்க வேண்டும்.

இதை வைத்துத் தட்டுகளைப் பழைய பேப்பர் கடைக்குப் போட்டுவிடாதீர்கள். நம் காருகுறிச்சி அருணாசலம் மறைந்தது 1964-இல். சிடி விற்பனைக்கு வந்தது 1982-இல். அவருடைய நாகஸ்வரம் பதிவானதெல்லாம் ஒலிநாடாவிலும் தட்டிலும்தான். மூல நாடா கிடைக்காத பதிவுக்கு, தேயாத தட்டு ஒன்றே ஆதாரம். தேய்ந்தபின் எந்த உயர்ந்த கருவியும் உதவாது.

2023 டிசம்பர் வெள்ளத்தில் நனைந்த தட்டுகளைச் சுத்தம் செய்யும் வேலை இந்த ஆண்டும் தொடர்ந்தது. உறைகள் போய்விட்டன, வினைல் தப்பியது. கேசட்டுகளில் பூஞ்சை ஏறியதைப் பார்க்க மனம் பொறுக்கவில்லை. நிமிடத்துக்கு 78 முறை சுழலும் பழைய தட்டுகளை ஸ்பிரிட் தொட்டுத் துடைக்காதீர்கள் என்று மீண்டும் கேட்டுக்கொள்கிறேன். அவற்றில் இருப்பது அரக்கு, கரைந்துவிடும். நம் வெயிலில் தட்டுகளைச் சாய்த்து வைத்தாலும் வளைந்துபோகும், நிமிர்த்தியே அடுக்குங்கள்.

78 தட்டின் பள்ளம் அகலமானது, எல்.பி. ஊசி அதன் அடியில் உரசி இரையும். அதற்கேற்ற தனி ஊசி வாங்கவும், உறுப்பினர்களின் தட்டுகளை வீடு வீடாகச் சென்று பதிவு செய்யவும் பேரவை ஒப்புதல் தந்து, இவ்வறிக்கையை ஏற்குமாறு வேண்டுகிறேன்.

செயலாளர்