இரண்டு விரல் அகல இளவரசன்

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுவது. அக்கா வீட்டில் எல்லோரும் சுகம். குளிர்தான் தாங்கவில்லை. மாவு இன்னும் பொங்கவில்லை என்று உன் அம்மா அடுப்படியையே சுற்றிச் சுற்றி வருகிறாள். போனில் சொல்ல ஆரம்பித்தால் பாதியில் மீட்டிங் என்று வைத்துவிடுவாய். அதனால்தான் கடிதம்.

போன சனிக்கிழமை அக்கா எங்களை ஆம்ஸ்டர்டாம் ரைக்ஸ்மியூசியத்துக்குக் கூட்டிப்போனாள். ரெம்பிராண்ட் வரைந்த பிரம்மாண்டமான படத்துக்கு முன்னால் திருவிழாக் கூட்டம். என் கால் நின்றது வேறு இடத்தில். வெளிச்சம் குறைந்த ஒரு மூலையில் கண்ணாடிப் பெட்டிக்குள் லாக்கெட் அளவில் குட்டிக் குட்டிப் படங்கள், மினியேச்சர் என்கிறார்கள். அதில் ஒரு குழந்தை, சரிகைப் பின்னல் காலரோடு. இரண்டு விரல் அகலம்தான், ஆனால் இமை முடிகூடத் தெரிகிறது.

"அழகான பொண்ணு" என்றாள் அம்மா. பெண் இல்லை, டச்சு இளவரசன் வில்லெம். அந்தக் காலத்தில் ஆறேழு வயது வரை பையன்களுக்கும் கவுன்தான் போடுவார்களாம். இதைக் கேட்டதும் அம்மாவும் அக்காவும் சிரித்த சிரிப்பில் காவலாளி திரும்பிப் பார்த்தார். ஏன் என்று உனக்குத் தெரியும். பாவாடை கட்டி, பூ வைத்து, அம்மாவின் சங்கிலி போட்டு நம் ஸ்டுடியோவிலேயே உன்னை எடுத்த படம் அலமாரியில் இன்னும் இருக்கிறது.

முப்பது வருஷம் நெகட்டிவில் பென்சிலும் பிரிண்டில் பிரஷ்ஷும் வைத்து ரீடச்சிங் செய்தவன் நான். அதனால் வேலையைத்தான் முதலில் பார்த்தேன். அக்கா போனில் பெரிதாக்கிக் காட்டினாள். கன்னம் முழுக்கப் பொடிப் பொடிக் கோடுகள். நாங்கள் பருத்தழும்பை மறைக்க வைப்போமே, அதே மாதிரி. கன்றுக்குட்டித் தோலை மெல்லிசாகப் பதப்படுத்தி, சீட்டுக்கட்டு அட்டையில் ஒட்டி, அதில் வரைவார்களாம். சில படங்களைத் திருப்பினால் பின்னால் ஆர்ட்டினோ இஸ்பேடோ இருக்குமாம்! செப்புத் தகட்டில் எண்ணெய் வர்ணத்தில் வரைவதும் ஹாலந்தில் சகஜம். பிரஷ் அணில் முடி, வர்ணம் வேலம்பிசினில் குழைத்தது, கிண்ணத்துக்குப் பதில் கிளிஞ்சல். படத்துக்கு உட்கார வருகிறவரின் நிறத்துக்குத் தகுந்தபடி எடுத்துக்கொள்ள, சருமத்தின் நிறத்தை முன்கூட்டியே பூசிய அட்டைகளும் தயாராக இருக்கும். நூல் தூசி பறந்து ஈர வர்ணத்தில் ஒட்டாமல் இருக்கப் பட்டுச் சட்டை போட்டுக்கொள் என்று இங்கிலாந்தில் ஹில்லியார்ட் என்ற பழைய ஓவியர் எழுதிவைத்திருக்கிறார். டார்க் ரூமில் தூசிக்காக நான் எத்தனை தடவை உன்னைத் திட்டியிருப்பேன்!

மினியேச்சர் என்றால் சின்னது என்றுதானே நினைத்தோம்? அந்தச் சொல் மினியம் என்ற ஈயச் சிந்தூரத்திலிருந்து வந்தது. பழைய ஏடுகளில் சிவப்பு எழுத்து போடுகிறவர்களின் தொழில் வார்த்தை.

பெட்டிக்குள் ஏன் அப்படி இருட்டு என்றால், வெளிச்சம் பட்டால் கன்னத்துச் சிவப்புதான் முதலில் போகும். பல முகங்கள் வெளிறிக் கிடப்பது அதனால்தான். நம் பழைய கலர் பிரிண்டில் நேர்மாறு. நீலம் போய், உன் காதுகுத்து ஆல்பம் பூராவும் செக்கச்சிவந்து நிற்கிறது.

அந்தப் பையன் வில்லெமின் கதையை அக்கா டிராமில் வரும்போது சொன்னாள். 1650 நவம்பரில் தி ஹேக் நகரில் பிறந்தான். அவன் பிறப்பதற்கு எட்டு நாள் முன்னால் அப்பா பெரியம்மையில் போய்விட்டார். அந்த அப்பாவுக்குப் பதினான்கு வயதிலும், இங்கிலாந்து ராஜா மகளான மேரிக்கு ஒன்பது வயதிலும் கல்யாணம் நடந்தது. பையனுக்கு மூன்று வயது இருக்கும்போதே, இவன் வம்சத்துக்கு இனிமேல் பதவி கிடையாது என்று ஹாலந்து மாகாணம் சட்டம் போட்டது. 1660-ல் மேரி இவனை இங்கேயே விட்டுவிட்டு, ராஜாவாகிவிட்ட அண்ணனைப் பார்க்க லண்டன் போனாள். டிசம்பரில் அங்கேயே பெரியம்மையில் இறந்துபோனாள். அவனுக்குப் பத்து வயது. பிற்பாடு 1672-ல் பிரெஞ்சுப் படை உள்ளே வந்தபோது அதே ஜனங்கள் இவனைக் கூப்பிட்டுத் தலைமையில் உட்காரவைத்தார்கள், 1689-ல் இங்கிலாந்துக்கே ராஜாவானான். அதெல்லாம் பெரிய சரித்திரம், நீ படித்துக்கொள்ளலாம்.

எனக்குக் கப்பலில் போன அந்த அம்மாதான் மனசிலேயே நிற்கிறாள். இந்த மாதிரிப் படங்களை மூடி வைத்த டப்பியில் போட்டுக் கழுத்திலோ இடுப்பிலோ மாட்டிக்கொள்வார்களாம். அவளிடமும் ஒன்று இருந்திருக்கும் என்று நானாக நினைத்துக்கொண்டேன். திறந்து பார்த்தால் பையன், மூடினால் கடல்.

வீட்டுக்கு வந்து என் பர்ஸைப் பிரித்தேன். பத்தாம் வகுப்பு ஹால் டிக்கெட்டுக்கு எடுத்த உன் படம் பிளாஸ்டிக் உறையோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. மெதுவாக உரித்தேன். நெற்றியும் ஒரு கண்ணும் உறையோடு போய்விட்டன. நானே டெவலப் செய்த பிரிண்ட், ஆனால் இதை என்னால் டச்சப் செய்ய முடியாது. இப்போது என் கை நடுங்குகிறது.

வாட்ஸ்அப்பில் அனுப்பாதே. ஒரு நல்ல கடையாகப் பார்த்து பாஸ்போர்ட் சைஸில் பிரிண்ட் போட்டு, இந்த விலாசத்துக்குத் தபாலில் அனுப்பு. தாடியை எடுக்கவேண்டாம், இப்போது எப்படி இருக்கிறாயோ அப்படியே. பளபளப்புத் தாள் வேண்டாம், மேட் என்று கேட்டு வாங்கு. அதுதான் சீக்கிரம் ஒட்டாது.

அன்புடன்,
அப்பா