கால் ஆறட்டும்

அன்புள்ள பாப்பாவுக்கு, அம்மா எழுதுவது.

ஞாயிற்றுக்கிழமை நாம் பேசியது சண்டையில் முடிந்தது. உன் கால் எலும்பில் விழுந்த விரிசல் ஆற எட்டு வாரம் ஓய்வு வேண்டும் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். நீயோ ஐந்தாவது வாரமே அரங்கத்துக்குத் திரும்பிவிடுவேன் என்றாய். என் குரல் உயர்ந்தது, உன் குரலும் உயர்ந்தது. கடைசியில் "சாப்பிட்டாயா?" என்று நான் கேட்க, "சாப்பிட்டேன்" என்று நீ சொல்ல, இருவரும் தொலைபேசியை வைத்துவிட்டோம். கடிதம் என்றால் நீ குறுக்கே பேச முடியாது, நானும் சத்தம் போட முடியாது. அதனால்தான் எழுதுகிறேன்.

"அம்மா, என் இடத்தில் ஏற்கெனவே ஒருத்தி ஆடிக்கொண்டிருக்கிறாள்" என்று சொன்னாயே, அந்தச் சொல் இரண்டு நாளாக என்னைத் தூங்கவிடவில்லை.

உன் வேலை இன்னதென்று எனக்குப் பிடிபடவே நாளாயிற்று. நாயகி இல்லை, குழுவில் தினமும் ஆடுகிறவளும் இல்லை, குழுவில் யார் வராவிட்டாலும் அவர் இடத்தில் ஆடும் 'ஸ்விங்' என்றாய். பல நாள் மேடையேறாமல் இருப்பவளுக்கு எதற்குச் சம்பளம் என்றுகூட அப்பாவிடம் கேட்டிருக்கிறேன். போன தீபாவளிக்கு நீ வந்தபோது மேசைமேல் விட்டுப்போன நோட்டுப் புத்தகத்தைத் திறந்து பார்த்தேன். குழுவில் ஆடும் ஒன்பது பேருக்கு ஒன்பது வண்ணப் பென்சில். மேடையின் முன்விளிம்பில் எழுதியிருக்கும் எண்களைக் கொண்டு, எந்தப் பாட்டின் எந்த அடியில் யார் எங்கே நிற்க வேண்டும், யார் இடப்பக்கமாக வெளியேற வேண்டும், யார் நாற்காலியை எடுத்துப் போக வேண்டும் என்று பக்கம் பக்கமாகக் குறித்திருந்தாய். முப்பது ஆண்டுகள் கணக்குப் பேரேடு எழுதியவள் நான். இப்படி ஒரு பேரேட்டை நான் எழுதியதில்லை. யாருக்குக் கணுக்கால் பிசகியது, யாருக்குத் தொண்டை கட்டியது என்று காட்சிக்கு அரை மணி நேரம் முன்னால் தெரியவரும். உடனே அவளுடைய உடையை மாட்டிக்கொண்டு, அவளுடைய இடத்தில், பார்ப்பவர்களுக்கு வித்தியாசமே தெரியாமல் நீ ஆட வேண்டும். வாரத்துக்கு எட்டுக் காட்சி. பிறருக்கு அடிபடும்போதெல்லாம் அவர்கள் இடத்தைக் காப்பாற்றிக் கொடுத்தவள் நீ. உனக்கு அடிபட்டபோது மட்டும் உன் இடம் பறிபோய்விடும் என்று ஏன் நினைக்கிறாய்?

2015 மே மாதம் நினைவிருக்கிறதா? உனக்கு அப்போது பதினைந்து வயது. வாஷிங்டனிலிருந்து நாலரை மணி நேரம் பஸ்ஸில் போய், 45ஆம் தெருவில் லைசியம் அரங்கத்தின் உச்சி மாடத்தில் உட்கார்ந்தோம். 1903இல் கட்டிய அரங்கம். படிகள் செங்குத்தாக ஏறின; நான் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டே வந்தேன். இசை நாடகங்களில் ஆடிப் புகழ்பெற்ற சீட்டா ரிவேராவை முதலும் கடைசியுமாக நாம் நேரில் பார்த்தது அன்றைக்குத்தான். 'தி விசிட்' என்ற இசை நாடகம். உலகத்துப் பெரும் பணக்காரி ஒருத்தி, தன்னை விரட்டிய ஊருக்குக் கைத்தடியோடு திரும்பி வருகிறாள். தன்னைக் கைவிட்டவனின் உயிரை விலையாகக் கேட்கிறாள். ஊரார் ஒவ்வொருவராகக் கடனுக்கு மஞ்சள் காலணி வாங்கிப் போட்டுக்கொண்டு வருவார்களே, நீ என் கையை அழுத்தி அந்தக் கால்களை எண்ணினாய்.

அந்தப் பணக்காரியின் ஒரு கால் பொய்க்கால். அன்று கதைக்காக வைத்தது என்று கடந்துபோனேன். இப்போதுதான் அது என்னை உலுக்குகிறது. அப்போது ரிவேராவுக்கு 82 வயது. அவருடைய சொந்த இடது கால் 1986ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் மன்ஹாட்டனில் நடந்த கார் விபத்தில் பன்னிரண்டு இடங்களில் உடைந்தது. பன்னிரண்டு இடம், பாப்பா. உனக்கு ஒரே ஓர் எலும்பில் மயிரிழை விரிசல். அப்போது அவருக்கு வயது 53. நியூயார்க்கின் பெரிய நாடக அரங்குகளான பிராட்வேயில் ஒரு நாடகத்தில் ஆடிக்கொண்டிருந்த நேரம். ஆட்டக்காரிக்கு 53 என்றால் காலில் ஒன்றும் ஆகாவிட்டாலும் ஊர் "போதும்" என்று சொல்லும் வயது.

அவர் ஐந்து வாரத்தில் திரும்பவில்லை. எலும்பை ஆணியும் தகடும் வைத்துச் சேர்த்தார்கள். நிற்பதையும் நடப்பதையும் அடியிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது. 1988இல் ஊர் ஊராகப் போன ஒரு நாடகக் குழுவோடு மீண்டும் ஆடினார். 1993இல் 'கிஸ் ஆஃப் தி ஸ்பைடர் வுமன்' நாடகத்தில், சிறைக்கைதி ஒருவனின் கற்பனையில் வாழும் திரைப்பட நடிகையாக வந்து, பிராட்வே நாடகங்களுக்குத் தரும் டோனி விருது பெற்றார். அப்போது அவருக்கு அறுபது. உடைந்த காலுக்கும் அந்த விருதுக்கும் நடுவே ஏழு ஆண்டுகள். நீ மூன்று வாரத்துக்காக என்னோடு சண்டை போடுகிறாய்.

லைசியத்தில் நாம் பார்த்ததை நினைத்துப் பார். அவர் துள்ளவில்லை, காலை உயரத் தூக்கவும் இல்லை. இளம் வயதுத் தன்னையே எதிரில் கண்டு, அந்தப் பெண்ணோடு சேர்ந்து ஆடும் ஓர் இடம் வந்தது. இளையவள் மேடை முழுவதும் சுழன்றாள். இவர் கையை நீட்டினார், கழுத்தைத் திருப்பினார், ஓரடி எடுத்து வைத்தார். நான் பார்த்தது இவரைத்தான். உச்சி மாடத்திலிருந்து முகம்கூடச் சரியாகத் தெரியவில்லை. ஆனாலும் கண்ணை வேறு பக்கம் எடுக்க முடியவில்லை. எந்த அசைவை விட்டுவிடலாம், எதை விடவே கூடாது என்று அந்த உடம்புக்குத் தெரிந்திருந்தது. காயம் ஆறிய நாட்களில்தான் அவர் அதைக் கற்றிருப்பார் என்று நான் நம்புகிறேன்.

நீ விரும்பும் பெண் என்பதால் போன மாதம் முழுவதும் அவரைப் பற்றியே படித்தேன். அவர் நம் ஊர்க்காரர் என்பது எனக்குத் தெரியாமலே போயிருக்கிறது. 1933இல் வாஷிங்டனில் பிறந்திருக்கிறார். அப்பா போர்ட்டோ ரிக்கோக்காரர், கடற்படை இசைக்குழுவில் வாசித்தவர். மகளுக்கு ஏழு வயதாக இருக்கும்போது இறந்துவிட்டார். அம்மா கேத்தரின் பென்டகனில் வேலைக்குப் போய்ப் பிள்ளைகளை வளர்த்தார். வீட்டுக்குள் குதித்துக் குதித்து மேசையை உடைத்த பெண்ணை அடித்து உட்கார வைக்காமல், பாலே பள்ளிக்கு அழைத்துப்போனார். கறுப்பினப் பிள்ளைகளுக்குப் பிற பள்ளிகள் கதவடைத்த காலத்தில் டோரிஸ் ஜோன்ஸ், கிளேர் ஹேவுட் என்ற இரண்டு கறுப்பின ஆசிரியைகள் இதே நகரத்தில் நடத்திய பள்ளி அது. கணவனை இழந்து, மூட்டை மூட்டையாகக் கவலையைச் சுமந்துகொண்டிருந்த ஒருத்தி, மகளின் காலுக்குள் இருந்த வேகத்தை வேகமாகவே பார்த்திருக்கிறாள். இந்த இடத்தைப் படித்துவிட்டு வெகுநேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

பதின்ம வயதில் நியூயார்க்கில் பாலே ஆசான் ஜார்ஜ் பாலன்சினின் பள்ளித் தேர்வுக்குப் போனபோது, ரிவேராவின் காலில் கொப்புளம் உடைந்து ரத்தம் வந்ததாம். பாலன்சினே அந்தக் காலை எடுத்துக் கட்டுப் போட்டிருக்கிறார். அவ்வளவு பெரிய ஆசான் முதலில் காலைத்தான் கவனித்தார். உதவித்தொகையும் கிடைத்தது. பாலே ஆடவேண்டியவர், ஒரு தோழிக்குத் துணையாக வேறொரு தேர்வுக்குப் போய், தானே தேர்வாகி, இசை நாடகத்துக்கு வந்துவிட்டார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இடம் பறிபோவதைப் பற்றி ரிவேராவைவிட அறிந்தவர் இருக்க முடியாது. 1957 செப்டம்பரில் 'வெஸ்ட் சைட் ஸ்டோரி' பிராட்வேக்கு வந்தபோது அனிட்டா என்ற பாத்திரத்தில் ஆடியவர் அவர்தான். அதற்கு முந்தைய மாதம் வெள்ளோட்டக் காட்சிகள் வாஷிங்டனில்தான் நடந்தன. பிறந்த ஊரில்தான் அனிட்டா முதலில் மேடை ஏறினாள். ஆனால் 1961இல் படமெடுத்தபோது அந்தப் பாத்திரம் ரீட்டா மொரேனோவுக்குப் போனது. ஆஸ்கர் விருதும் அவருக்கே போனது. 1960இல் 'பை பை பேர்டி'யில் ரிவேரா ஆடிய ரோஸ் பாத்திரம் திரையில் ஜேனட் லீக்குப் போனது. 1975இல் 'சிகாகோ'வில் அவர் உருவாக்கிய வெல்மாவை 2002 படத்தில் கேத்தரின் சீட்டா ஜோன்ஸ் நடித்தார், அதற்கும் ஆஸ்கர். அந்தப் படத்தில் ரிவேராவுக்குக் கிடைத்தது ஒரு சிறு வேடம், அதிலும் வந்து நின்றார். தான் பெற்றுப் போட்ட இரண்டு பாத்திரங்களுக்குப் பிறர் கையில் விருது. ஒவ்வொரு முறையும் அவர் அடுத்த ஒத்திகைக்குப் போயிருக்கிறார். டோனி விருதுக்கு அவர் பெயர் பத்து முறை பரிந்துரையானது, இரண்டு முறை கிடைத்தது. பத்தாவது பரிந்துரை நாம் பார்த்தோமே, அந்தப் பொய்க்கால் பணக்காரிக்குத்தான்.

ரிவேராவுக்காகக் காத்திருக்கவும் செய்தார்கள், அதையும் சொல்லிவிடுகிறேன். 'வெஸ்ட் சைட் ஸ்டோரி' லண்டனுக்குப் போகவேண்டிய நேரத்தில் அவர் கர்ப்பமாக இருந்தார். குழந்தை பிறக்கும்வரை லண்டன் அரங்கேற்றத்தையே தள்ளி வைத்தார்கள். உனக்காக யாரும் நாடகத்தை நிறுத்திவைக்க மாட்டார்கள் என்று எனக்குத் தெரியும், நீ ஸ்விங். ஆனாலும் ஓர் உடம்பு தயாராகும்வரை காத்திருக்கத் தெரிந்த தொழில்தான் உன் தொழில்.

'சிகாகோ' என்றதும் க்வென் வெர்டன் நினைவுக்கு வருகிறார். அதில் ரிவேராவுக்கு இணையாக ஆடியவர், அப்போது அவருக்கு ஐம்பது. நான்கு டோனி விருது வாங்கிய அந்தக் கால்கள் குழந்தைப் பருவத்தில், எலும்பு வலுவிழக்கும் ரிக்கெட்ஸ் நோயால் வளைந்து போனவை. கனமான பூட்ஸ் மாட்டியே நடந்திருக்கிறார். அவரையும் அவருடைய அம்மாதான் நடன வகுப்புக்கு அழைத்துப்போனார். கால் ஆறுவதற்காக நீ இப்போது மாட்டியிருக்கும் பூட்ஸைப் பார்க்கும்போதெல்லாம் அந்தச் சிறுமியை நினைத்துக்கொள்கிறேன்.

இப்போது, நான் சொல்ல வந்ததைச் சொல்கிறேன்.

நான்கு ஆண்டுகளுக்கு முன்னால், வந்த வேலையை வேண்டாம் என்று எழுதிவிட்டு நீ நியூயார்க்குக்குப் பெட்டி கட்டினாய். நான் சமையலறை வாசலில் நின்றுகொண்டு, "கால் ஓய்ந்தால் என்ன செய்வாய்?" என்று கேட்டேன். நீ பதில் சொல்லவில்லை. பெட்டியை மூடினாய். ஞாயிற்றுக்கிழமை உன் குரலில் நான் கேட்டது அந்தக் கேள்வியைத்தான். எலும்பில் விரிசல் விழுந்ததும் நீ பயந்தது மருத்துவருக்காக இல்லை, உன் இடத்தில் ஆடுகிறவளுக்காகவும் இல்லை. அம்மா சொன்னது பலித்துவிடக் கூடாது என்று பதறுகிறாய். அந்த வார்த்தையை உன் காலில் கட்டிவிட்டவள் நான்தான்.

அதை நான் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். பயத்தில் கேட்டேன், தெரியாமல் கேட்டேன். ஐந்து வயதில் நீ கூடத்தில் தட்டடவு போட்டபோது, கீழ்வீட்டுக்காரர் வந்து புகார் சொல்லும்வரை உன்னை நிறுத்த எனக்கு மனம் வந்ததில்லை. அந்த மனம்தான் சரி. இடையில் எங்கேயோ அதைத் தொலைத்துவிட்டேன். கால் ஓயாது என்று நான் வாக்குக் கொடுக்க முடியாது. ஓய்ந்தாலும் நீ தோற்றவள் இல்லை, நான் சொன்னது பலித்ததாகவும் ஆகாது. எட்டு வாரம் படு. எனக்கு நீ நிரூபிக்க வேண்டியது ஒன்றும் இல்லை, பாப்பா.

உனக்கு வாடகை பற்றிக் கவலை வேண்டாம். அப்பாவும் நானும் பேசிவிட்டோம். அதை நீ கடன் என்று எழுதிவைத்தாலும் சரி, வைக்காவிட்டாலும் சரி.

நோட்டுப் புத்தகத்தைப் பக்கத்தில் வைத்துக்கொள். படுத்தபடியே ஒன்பது பேரின் ஆட்டத்தையும் மனத்தில் ஓட்டிப் பார். காலைத் தவிர மற்றதெல்லாம் உழைக்கட்டும். இயன்முறை சிகிச்சையில் சொல்லும் பயிற்சியை அவர்கள் சொன்ன எண்ணிக்கைக்கு மேல் ஒன்றுகூடச் செய்யாதே; உன் குணம் எனக்குத் தெரியும்.

வியாழக்கிழமை மதிய ரயிலில் வருகிறேன். மூன்று வாரம் இருப்பேன். பருப்புப் பொடி, பூண்டு ஊறுகாய், நீ கேட்ட பழைய பருத்திப் புடவை எல்லாம் எடுத்து வைத்துவிட்டேன். லைசியம் டிக்கெட்டின் பாதித் துண்டும் என் பழைய கைப்பையில் இருந்தது, அதையும் கொண்டு வருகிறேன். ரயில் நிலையத்துக்கு வரவேண்டாம். வாசல் மணி அடித்ததும் நான்கு மாடி இறங்கி ஓடி வரவும் வேண்டாம். மேலிருந்தே கதவைத் திறக்கும் பொத்தானை அழுத்து. பெட்டியைத் தூக்கிக்கொண்டு நானே மெல்ல ஏறி வருகிறேன்.

அன்புடன்,
அம்மா