பட்டியலில்லாத பூங்காக்களும் பூட்டிய கதவுகளும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்னையில் புதிய பூங்காக்கள் திறக்கப்படும் செய்திகளும் அவற்றின் வண்ணப் படங்களும் தங்கள் நாளிதழில் அடிக்கடி வருகின்றன. அவற்றைக் கண்டு மகிழ்கிறவர்களுள் நானும் ஒருவன். ஆயினும், அடுத்த பூங்காவுக்கு அடிக்கல் நாட்டும் முன்பு, மாநகராட்சியிடம் ஏற்கெனவே உள்ள பூங்காக்கள், விளையாட்டுத் திடல்கள், திறந்தவெளி நிலங்கள் எவை, எங்கே உள்ளன, ஒவ்வொன்றும் எவ்வளவு பரப்பு என்பதை வார்டு வாரியாக மக்கள் முன் வைக்க வேண்டும். அவற்றை எந்தப் பொதுக் காரியத்தின் பெயராலும் வேறு பயன்பாட்டுக்குக் கொடுக்காமல் காக்க வேண்டும். கதவுகளைத் திறந்து வைக்க வேண்டும். இவற்றை வலியுறுத்தவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

பொதுக் காரியம் என்று குறிப்பிட்டுச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பூங்கா நிலம் பறிபோகிறது என்றவுடன் நம் நினைவுக்கு வருபவர்கள் நில அபகரிப்பாளர்கள்தாம். சென்னையின் வரலாற்றைப் பார்த்தால், அவர்களைவிட அதிகமாகப் பூங்கா நிலத்தை விழுங்கியவை அரசும் அதன் அமைப்புகளும் நல்ல நோக்கத்தோடு எழுப்பிய கட்டடங்களே. இதற்குச் சென்ட்ரல் இரயில் நிலையத்தை அடுத்து, மூர் மார்க்கெட் பக்கம் இருந்த பழைய மக்கள் பூங்காவைக் காட்டிலும் தெளிவான சான்று வேண்டியதில்லை. 1859-இல் ஆளுநராக வந்த சர் சார்லஸ் டிரெவெல்யன், நெரிசல் மிகுந்த கறுப்பர் நகரத்து (இன்றைய ஜார்ஜ் டவுன்) மக்கள் காற்று வாங்க ஓர் இடம் வேண்டும் என்று எண்ணி உருவாக்கிய அந்தப் பூங்கா 116 ஏக்கர் பரப்புடையது. குளங்களும் நடைபாதைகளும் அங்கே இருந்தன. எழும்பூர் அருங்காட்சியகத்தில் தொடங்கிய விலங்குக் காட்சிச்சாலையும் பின்னர் அங்கே குடிபெயர்ந்தது. அதன் பிறகு என்ன நடந்தது? நகருக்கு ஒரு பொது மண்டபம் வேண்டும் என்று விக்டோரியா மண்டபம் எழுந்தது. சந்தை வேண்டும் என்று 1900-இல் மூர் மார்க்கெட் வந்தது. மாநகராட்சிக்கே அலுவலகம் வேண்டும் என்று 1913-இல் ரிப்பன் மாளிகை திறக்கப்பட்டது. பின்னாளில் விளையாட்டரங்கம் வந்தது. மூர் மார்க்கெட் 1985-இல் எரிந்துபோன பின் அந்த இடம் இரயில்வேயின் வசமானது. அதே ஆண்டு விலங்குக் காட்சிச்சாலையும் வண்டலூருக்குப் போய்விட்டது. இவற்றுள் எதையும் தேவையற்றது என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் ஒவ்வொரு முறையும் “இந்த ஒரு துண்டுதானே” என்று கொடுத்ததன் விளைவாக, 116 ஏக்கரில் இன்று பூங்கா என்ற பெயரோடு நமக்கு எஞ்சியிருப்பது மை லேடீஸ் பூங்கா என்னும் சிறு பகுதி மட்டுமே. சென்ட்ரலில் இறங்கி வெயிலில் நிற்கும் வெளியூர்ப் பயணியிடம், இங்கே ஒரு பெரும் பூங்கா இருந்தது என்று சொன்னால் அவர் நம்பமாட்டார்.

இது பழங்கதை அன்று. செனாய் நகர் திரு.வி.க. பூங்கா மெட்ரோ இரயில் நிலையப் பணிக்காக 2011-இல் மூடப்பட்டது. மீண்டும் மக்களுக்குத் திறக்கப் பத்தாண்டுகளுக்கு மேல் ஆயிற்று. மூடியபோது ஐந்து வயதாக இருந்த குழந்தை, திறந்தபோது ஊஞ்சலில் ஏறும் வயதைக் கடந்திருக்கும். நிழல் தந்த முதிர்ந்த மரங்கள் போயின. நிலத்தடி நிலையத்தின் கூரைமேல் பரப்பிய மண்ணில் புல்லும் செடியும் வளரலாம். ஆழ வேர்விடும் பெருமரங்கள் பழையபடி அங்கே எழுவது அரிது. இப்போது இரண்டாம் கட்டப் பணியில் தியாகராய நகர் பனகல் பூங்கா அதே நிலையில் இருக்கிறது. தியாகராய நகரை 1920-களில் வகுத்தவர்கள் பூங்காவை நடுவில் வைத்து அதைச் சுற்றித் தெருக்களை அமைத்தார்கள். நூறாண்டு கழித்து, நகரின் நடுவில் காலியாக இருப்பது அது ஒன்றுதான் என்பதாலேயே இயந்திரங்கள் அங்கே இறங்கின. மெட்ரோ வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை. நானே அன்றாடம் அதில் பயணிக்கிறவன். நான் கேட்பது, எடுத்த பூங்காவுக்கு ஈடாக, பணி நடக்கும் காலம் முழுவதும் அதே வட்டாரத்தில் ஒரு தற்காலிகத் திடலையேனும் கொடுக்க வேண்டும் என்பதும், திருப்பிக் கொடுக்கும் தேதியை முதல் நாளிலேயே அறிவித்து அதற்கு ஒப்பந்தத்தில் பொறுப்பு வைக்க வேண்டும் என்பதும்தான்.

இதற்குப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை என்பதே வியப்பு. தமிழ்நாடு பூங்காக்கள், விளையாட்டுத் திடல்கள் மற்றும் திறந்தவெளிகள் பாதுகாப்புச் சட்டம் 1959-லேயே இயற்றப்பட்டுவிட்டது. உள்ளாட்சி அமைப்புகள் தம் எல்லைக்குள் உள்ள இத்தகைய இடங்களைப் பட்டியலிட வேண்டும், அரசின் முன் அனுமதியின்றி அவற்றை வேறு காரியத்துக்குப் பயன்படுத்தக் கூடாது என்பதே அதன் சாரம். உச்ச நீதிமன்றமும் 1991-இல், பெங்களூரில் பூங்காவுக்கென ஒதுக்கிய மனையைத் தனியார் மருத்துவமனைக்குக் கொடுத்த வழக்கில், மருத்துவமனை பயனுள்ளது என்பதற்காகப் பூங்காவை மாற்றிவிட முடியாது என்ற நிலைப்பாட்டை எடுத்து அந்த ஒதுக்கீட்டைச் செல்லாதென்றது. சட்டமும் தீர்ப்பும் நம் பக்கம் இருக்கின்றன. ஆனால், ஒரு குடிமகன் தன் வார்டில் உள்ள திறந்தவெளிகளின் பட்டியலைக் கேட்டுப் போனால், ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்கும், அங்கிருந்து தகவல் உரிமைச் சட்ட மனுவுக்கும்தான் அனுப்பப்படுகிறான். பட்டியல் வெளியில் இல்லாத இடத்தில், எது போயிற்று என்று யார் கேட்பது?

இந்தக் கேள்வி புறநகர்ப் பகுதிகளில்தான் மிகவும் அவசரமானது. 2011-இல் மாநகராட்சியின் எல்லை 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 சதுர கிலோமீட்டராக விரிந்தது. அம்பத்தூர், மாதவரம், திருவொற்றியூர், ஆலந்தூர், பெருங்குடி, சோழிங்கநல்லூர் முதலியவை உள்ளே வந்தன. பழைய நகரில் இனிப் புதிதாக நிலம் கிடைப்பது கடினம். இப்பகுதிகளில் கிடைக்கும் வழி ஒன்று இருக்கிறது. 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவு போடுகிறவர்கள், சாலை போக எஞ்சிய பரப்பில் பத்தில் ஒரு பங்கைத் திறந்தவெளியாக ஒதுக்கி, தானப் பத்திரத்தின் மூலம் உள்ளாட்சியிடம் இலவசமாக ஒப்படைக்க வேண்டும் என்று விதி உள்ளது. ஓ.எஸ்.ஆர். (திறந்தவெளி ஒதுக்கீடு) நிலம் என்று பதிவு அலுவலகத்தில் வழங்கும் அந்த நிலங்கள்தாம் புதிய சென்னையின் வருங்காலப் பூங்காக்கள். நடைமுறையில், மனைப்பிரிவின் எந்த மூலை விற்காதோ அந்த மூலை ஒதுக்கப்படுகிறது; அணுகு சாலை இருக்காது, மழை பெய்தால் தண்ணீர் நிற்கும், சில இடங்களில் மேலே உயரழுத்த மின்கம்பி போகும். இன்னும் சில இடங்களில் அடுக்குமாடிக் குடியிருப்பின் மதிலுக்குள்ளேயே அது அடங்கிவிடுகிறது. ஊருக்குத் தானமாகக் கொடுத்த நிலத்தில் ஊர்க் குழந்தை கால் வைத்தால் காவலாளி விரட்டுகிறார். தானப் பத்திரம் பதிவான நாளிலேயே சர்வே எண்ணும் பரப்பும் எழுதிய பலகையை நட்டுக் கம்பி வேலி போடுவதற்கு எத்தனை ரூபாய் ஆகிவிடும்? அது செய்யப்படாமல் விட்ட நிலங்களில் பின்னால் வாகனம் நிற்கிறது, கடை வருகிறது, கடைசியில் வழக்கு வருகிறது.

அடுத்தது கதவு. எங்கள் பகுதிப் பூங்கா காலையில் நடைப்பயிற்சி முடியும் வேளையில் பூட்டப்பட்டு, மாலை நான்கு மணிக்கு மேல்தான் திறக்கிறது. நகரின் வேறு பல இடங்களிலும் இதே ஏற்பாட்டைக் காண்கிறேன். ஆக, சித்திரை வெயிலில் நிழல் மிகவும் வேண்டிய நேரத்தில்தான் நகரத்தின் நிழல் பூட்டுக்குள் இருக்கிறது. தெருவைக் கூட்டி முடித்த தூய்மைப் பணியாளரும், உணவு விநியோகம் செய்யும் இளைஞரும், மருத்துவமனை வாசலில் காத்திருக்கும் உறவினரும் எங்கே போய் உட்காருவார்கள்? பகலில் திறந்து வைத்தால் “வேண்டாதவர்கள்” வந்து படுத்துவிடுவார்கள் என்று குடியிருப்போர் நலச் சங்கங்கள் சில வாதிடுகின்றன. களைத்த மனிதன் மரத்தடியில் அரை மணி நேரம் கண்ணயர்வது எந்த வகையில் குற்றம் என்று எனக்கு விளங்கவில்லை. தொந்தரவு நடந்தால் தடுப்பதற்குக் காவலர் இருக்க வேண்டும். பூட்டைக் காவலராக வைத்துக்கொள்ள முடியாது.

கட்டணமும் ஒரு வகைப் பூட்டுத்தான். கதீட்ரல் சாலையில் தனியார் வசமிருந்த அரசு நிலத்தை மீட்டு, 2024 அக்டோபரில் கலைஞர் நூற்றாண்டுப் பூங்காவைத் திறந்தது பாராட்டத்தக்கது. அந்த இடம் மக்களிடம் திரும்பியதே பெரிது. ஆனால் திறந்தபோது நுழைவுக் கட்டணம் பெரியவர்களுக்கு 100 ரூபாய், சிறுவர்களுக்கு 50 ரூபாய். இரண்டு பிள்ளைகளோடு ஒரு தம்பதியர் உள்ளே போகவே 300 ரூபாய் வேண்டும். கம்பி வடத்தில் தொங்கிச் செல்வதற்கான கட்டணம் தனி. கம்பி வடத்துக்குக் காசு வாங்கட்டும், எனக்கு மறுப்பில்லை. மரத்தின் கீழ் நடப்பதற்குக் காசு வாங்குவதுதான் உறுத்துகிறது. அதே மாதத்தில், செயற்கைப் புல்தரை அமைத்த ஒன்பது கால்பந்துத் திடல்களைத் தனியாரிடம் விட்டு, ஆடுகிறவர் ஒருவருக்கு மணிக்கு 120 ரூபாய் வாங்க மாநகராட்சி மன்றம் தீர்மானம் போட்டது; எதிர்ப்பு எழுந்ததும் சில நாட்களிலேயே அது கைவிடப்பட்டது. கைவிட்டதற்கு நன்றி. எனினும் வியாசர்பாடியிலும் பெரம்பூரிலும் வெறுங்காலோடு பந்து உதைத்துத்தான் பலர் ஆட்டக்காரர்கள் ஆனார்கள் என்பதை அறிந்த மாநகராட்சியில் அப்படியொரு தீர்மானம் மன்றம் வரை எப்படி வந்தது என்பதே என் கேள்வி.

பராமரிப்பைப் பற்றி நீட்டி முழக்கப் போவதில்லை. அறுந்த ஊஞ்சல் சங்கிலியையும் துருப்பிடித்த உடற்பயிற்சிக் கருவியையும் பார்க்காத வாசகர் இருக்கமாட்டார். இரண்டு செய்திகளை மட்டும் சொல்லிவிடுகிறேன். ஒன்று, கழிப்பறை. பூங்காவில் கழிப்பறை இல்லை என்றாலோ, இருந்தும் பூட்டிக் கிடந்தாலோ, அந்தப் பூங்கா பெண்களுக்கும் முதியவர்களுக்கும் அரை மணி நேரப் பூங்காதான். மற்றொன்று, பேவர் பிளாக். சீரமைப்பு என்று பணம் ஒதுக்கியவுடன் மண்ணை மூடிக் கல் பதிப்பதும், எட்டு வடிவ நடைபாதை போடுவதும், நடுவில் ஒரு நீரூற்று வைப்பதும் வழக்கமாகிவிட்டன. நீரூற்று ஓராண்டில் வறண்டு கொசுத் தொட்டியாகிறது. மழைநீர் இறங்க மண் இல்லாமல் போகிறது. 2015 வெள்ளத்தையும் 2023 டிசம்பர் வெள்ளத்தையும் கண்ட ஊரில், பூங்காவின் மண் என்பது வெள்ளநீர் நிற்கவும் இறங்கவும் நாம் வைத்திருக்கும் சொற்ப இடங்களில் ஒன்று. மழைநீரைத் தேக்கி நிலத்துக்குள் அனுப்பும் பஞ்சுப் பூங்காக்களை மாநகராட்சியே சில இடங்களில் அமைத்திருக்கிறது. ஒரு கையால் அதைச் செய்துகொண்டு மறு கையால் அடுத்த தெருப் பூங்காவுக்குக் கல் பதிப்பது ஏன்?

செலவு இல்லாமலே ஒரு பூங்கா உயிரோடு இருக்க முடியும் என்பதற்கு லஸ் நாகேஸ்வரராவ் பூங்கா நல்ல எடுத்துக்காட்டு. ஒலிபெருக்கி இல்லாத இசைக் கச்சேரி, சதுரங்கம், நடைப்பயிற்சி, வெறுமனே உட்கார்ந்து பேசுவது எல்லாம் அந்தச் சிறிய இடத்தில் ஒன்றையொன்று இடிக்காமல் நடக்கின்றன. வடசென்னைக்கும் இப்படியொரு மரபு உண்டு. 1949 செப்டம்பரில் திராவிட முன்னேற்றக் கழகத்தின் தொடக்கப் பொதுக்கூட்டம் நடந்ததே இராயபுரம் ராபின்சன் பூங்காவில்தான். ஒரு கட்சி பிறந்து பேசுவதற்கு இடம் கொடுத்த பூங்காக்கள் இருந்த நகரத்தில், இன்று பத்துப் பேர் கூடிப் புத்தகம் வாசிக்கவே அனுமதிக் கடிதம் கேட்கிறார்கள்.

இனி வரப்போகும் பெரிய சோதனை கிண்டி. ரேஸ் கிளப்பிடமிருந்த சுமார் 160 ஏக்கர் அரசு நிலத்தின் குத்தகையை 2024-இல் இரத்து செய்த அரசு, அதில் 118 ஏக்கரைத் தோட்டக்கலைத் துறையிடம் ஒப்படைத்துச் சுற்றுச்சூழல் பூங்கா அமைப்பதாக அறிவித்தது. அங்கே குளங்களைப் பெரிதாக்கும் திட்டம் வேளச்சேரி வட்டார வெள்ளத்தைத் தணிக்க உதவும். நீதிமன்றத்தில் நிலுவையில் உள்ளவை அதனதன் வழியில் தீரட்டும். மக்கள் பூங்காவுக்கு நிகரான ஒரு நிலம் ஒன்றரை நூற்றாண்டுக்குப் பிறகு சென்னையின் கைக்கு வருகிறது. ஆகவே, திட்ட வரைபடம் இறுதியாகும் முன்பு மக்களின் கருத்தைக் கேட்க வேண்டும். அந்த நிலத்தை 1959-ஆம் ஆண்டுச் சட்டத்தின் பட்டியலில் முதல் நாளே சேர்த்து அறிவிக்க வேண்டும். வேளச்சேரிப் பக்கமும் சைதாப்பேட்டைப் பக்கமும் நடந்து வருபவர்களுக்கு வாயில்கள் வைக்க வேண்டும். நுழைவுக் கட்டணம் கூடாது. அலுவலகக் கட்டடம், மாநாட்டு அரங்கம், உணவகத் தொகுதி என்று எதற்கும் அங்கே ஓர் ஏக்கர்கூடப் பிரித்துக் கொடுக்கப்படாது என்பதை அரசாணையிலேயே எழுதிவிட வேண்டும்.

மாநகராட்சியின் அடுத்த வரவுசெலவுத் திட்டத்துக்கு முன்பு வார்டு வாரியான திறந்தவெளிப் பட்டியலை இணையத்திலும், மண்டல அலுவலகச் சுவரிலும் வெளியிடுமாறு மேயரையும் ஆணையரையும் தங்கள் நாளிதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன். பட்டியல் வந்தால், அதைக் கையில் வைத்துக்கொண்டு தெருத் தெருவாகச் சரிபார்க்க எங்கள் பகுதியில் ஆள் இருக்கிறார்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாசகன்,
பெரம்பூர், சென்னை.