கிரைண்டர் படம் பற்றி ராசுவுக்கு

அன்புள்ள ராசு,

உன் கிரைண்டர் கம்பெனிக்கு விளம்பரப் படம் எடுக்க வந்தவர்கள் கொடுத்த கொட்டேஷனை நீ அனுப்பியிருந்தாய்; அதை வாட்ஸ்அப்பில் பார்த்துவிட்டு இத்தனை நாள் பதில் எழுதாமல் இருந்ததற்கு முழங்கால் வலியைக் காரணம் சொன்னால் நீ நம்பமாட்டாய், நம்பவும் வேண்டாம். இங்கே அனைவரும் நலம். தங்கச்சிக்குச் சர்க்கரை கட்டுக்குள் வந்துவிட்டது என்று கேள்விப்பட்டு மகிழ்ந்தோம். ஆவணியில் நம் ஹாஸ்டல் நண்பன் டிங்கரின் மகளுக்குத் திருமணம்; மண்டபத்தில் அவன் கையில் மைக் போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டியது உன் பொறுப்பு, ஹாஸ்டல் டே முடிந்த பிறகு நீ கொடுத்த வாக்கு அது. இனி விஷயத்துக்கு வருகிறேன்.

இரண்டு நாள் படப்பிடிப்பு, டிரோன், பின்னணிக் குரல், மூன்று நிமிடப் படம், எல்லாம் சேர்த்து மூன்றரை லட்சம், ஜிஎஸ்டி தனி என்று எழுதியிருக்கிறார்கள். 18 சதவீதம் வரியைச் சேர்த்தால் 4,13,000 ரூபாய். வரியை உள்ளீட்டு வரவாக எடுத்து, நீ கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில் கழித்துக்கொள்ளலாம் என்று உன் ஆடிட்டர் சொல்லியிருப்பார், சரிதான். மீதி மூன்றரை லட்சத்தைத் திருப்பித் தர எந்த ஆடிட்டராலும் முடியாது. மெஸ் பில்லில் நான்கணாவுக்காக வார்டனிடம் சண்டைக்குப் போன நீ இதற்கு உடனே தலையாட்டிவிட்டாய் என்று தங்கச்சி போனில் சொன்னபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது.

பணம் அதிகம் என்பதல்ல என் கவலை. கதைச் சுருக்கத்தை வரிவரியாகப் படித்தேன். முதலில் வானத்திலிருந்து உன் பட்டறை. அடுத்து 1955-இல் சபாபதி கோவையில் முதல் வெட் கிரைண்டரைச் செய்த வரலாறு. அதன்பின் கோவை கிரைண்டருக்கு ஊர்ப் பெயரால் கிடைத்த புவிசார் குறியீடு. அப்புறம் நீ கோட்டு அணிந்து நாற்காலியில் சாய்ந்து பேசுகிறாய். இதில் எது உன்னுடையது? சபாபதியும் புவிசார் குறியீடும் ஊருக்கே பொது, உன் எதிர் வரிசைக்காரனும் அதே இரண்டு வரிகளைத் தன் படத்தில் சொல்லிக்கொள்ளலாம். வானத்திலிருந்து பார்த்தால் கணபதிப் பகுதியில் உன் கூரை ஷீட்டும் தண்ணீர்த் தொட்டியும்தான் தெரியும். தவிர, கோவை விமான நிலையம் பக்கத்திலேயே இருக்கிறது. 2021-ஆம் ஆண்டு டிரோன் விதிகளின்படி வான்பரப்பு வரைபடத்தைப் பார்த்து, அனுமதி தேவைப்படும் இடமென்றால் அதை வாங்கிய பிறகே பறக்கவிட வேண்டும். அதை யார் வாங்குவது என்று கொட்டேஷனில் ஒரு சொல்கூட இல்லை.

பம்ப் விற்றுத் திரிந்த காலத்தில் டீலர் கடைகளில் இத்தகைய படங்கள் ஓடுவதை நிறையப் பார்த்திருக்கிறேன். மதுரையில் ஒரு கடையில், கேட் திறப்பதும் குத்துவிளக்கு ஏற்றுவதுமாக ஒரு கம்பெனிப் படம் சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. விலை கேட்டு வந்தவர் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. அதே கடைப் பையன், மோட்டாரைப் பிரித்து வைண்டிங்கைக் காட்டித் தன் போனில் எடுத்து வைத்திருந்த ஒரு வீடியோத் துண்டைக் காட்டியதும், அவர் கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். கடைகளில் டிவி பெரும்பாலும் வாய் மூடித்தான் இருக்கும் என்பதால், படம் எடுத்தால் எழுத்து கட்டாயம் ஓட வேண்டும் என்பதையும் குறித்துக்கொள்.

அப்படியானால் போனே போதும் என்று சொல்கிறேனா என்று கேட்பாய். உன் மகள் அந்த பிளெண்டர் கம்பெனியை உதாரணம் காட்டினாள் என்று எழுதியிருந்தாய். உண்மைதான்; அமெரிக்காவின் உட்டா மாநிலத்துப் பிளெண்ட்டெக் 2006-இல் ஐம்பது டாலர் அளவுக்குச் செலவழித்துத்தான் தன் முதல் வீடியோக்களை எடுத்தது, கோலிக்குண்டையும் தோட்டத்து வாரியையும் அரைத்துக் காட்டியே உலகத்துக்குத் தெரிந்தது, மறு ஆண்டு ஐபோனையும் அரைத்துத் தள்ளியது. ஆனால் அதன் முதலாளி டாம் டிக்சன், கேமரா வருவதற்கு முன்பே மரக்கட்டைகளை உள்ளே போட்டுத் தன் இயந்திரத்தைச் சோதித்துக்கொண்டிருந்தவர். காட்ட வேண்டியது அங்கே தயாராக இருந்தது, அதுவும் சுமாரான வெளிச்சத்தில் எடுத்தாலும் புரிகிற கூத்து. நீ காட்ட வேண்டியதோ மாவின் பதம். அது சுமாரான வெளிச்சத்தில் தெரியாது.

சந்தேகமிருந்தால் நாளைக் காலையே ஓர் ஈடு உளுந்தைப் போட்டு போனில் எடுத்துப் பார். எவர்சில்வர் டிரம்மில் மாவைவிட உன் முகமும் மேலே எரியும் டியூப்லைட்டும் நன்றாகத் தெரியும். வெள்ளை மாவு திரையை நிறைத்ததும், வெளிச்சம் கூடிவிட்டதாக நினைத்துப் போன் தானாகவே அதைக் குறைக்கும். பூப்போல வந்த மாவு சிமெண்ட் நிறத்தில் நிற்கும். யாரும் பேசாத நொடிகளில் போனின் மைக் சத்தத்தைத் தானே கூட்டிக்கொள்வதால் உன் மோட்டாரின் முனகல் ரைஸ் மில்லைப் போலக் கேட்கும். ‘சத்தமில்லாத கிரைண்டர்’ என்று அட்டைப்பெட்டியில் அச்சடித்து விற்பவன் நீ! டிரம்முக்கு மேலே வெள்ளைத் துணி கட்டி விளக்கின் பளபளப்பைத் தணிக்கத் தெரிந்தவனுக்கும், காலர் மைக் மாட்டிக் குரலையும் மோட்டாரையும் தனித்தனியாகப் பதிவு செய்யத் தெரிந்தவனுக்கும் கொடுக்கிற காசு வீண்செலவு ஆகாது.

ஆகவே காசு கொடுப்பதா வேண்டாமா என்பதை, அந்தப் படம் எத்தனை நாள் உயிரோடு இருக்கும், நீ இல்லாத எந்த இடத்தில் உனக்காகப் பேசும் என்று பார்த்து முடிவு செய். ஆடித் தள்ளுபடி, புது நிறம், எக்ஸ்போ ஸ்டால் எல்லாம் ஒரு வாரத்தில் பழசாகிவிடும். அவற்றை உன் மகளே போனில் எடுக்கட்டும், அவளுக்கு அந்தக் கை இருக்கிறது. ஆனால் நியூஜெர்சியிலிருந்து பாதி ராத்திரியில் கூப்பிட்டு, கல்லை எப்படிப் பூட்டுவது, முதல் ஈட்டை ஏன் கொட்டச் சொல்கிறீர்கள், 110 வோல்ட் மாடல்தானா இது என்று கேட்கிறார்களே, அவர்களுக்குப் பதில் சொல்லும் படம் அந்த மாடல் விற்கும் வரை பல ஆண்டுகள் ஓடும். உன் சர்வீஸ் பையனிடம் ஒரு நோட்டைக் கொடுத்து, வருகிற ஒவ்வொரு கேள்வியையும் ஒரு மாதம் எழுதச் சொல். அதிகம் திரும்பத் திரும்ப வருகிற கேள்விகளே உன் கதை. முதலில் போனில் எடுத்து நாலைந்து வாடிக்கையாளர்களுக்கு அனுப்பு. பார்த்த பிறகும் அவர்கள் போன் செய்தால் எங்கே புரியவில்லை என்று தெரியும், அதைத் திருத்திய பிறகு கேமராமேனைக் கூப்பிடு. என்ன சொல்வது என்று உனக்கே தெரியாதபோது அவர்களைக் கூப்பிட்டால், அவர்களுக்குத் தெரிந்த குத்துவிளக்கைத்தான் எடுப்பார்கள்.

இன்னொன்றை விளையாட்டாகச் சொல்லவில்லை, ராசு. ஊத்துக்குளியிலிருந்து உனக்குக் கல் கொத்தித் தருகிற பெரியவர் இந்தத் தைக்குப் பிறகு உளி பிடிக்கமாட்டார் என்று நீயே எழுதியிருந்தாய். தட்டிப் பார்த்து, சத்தத்தைக் கேட்டே கல்லில் விரிசல் இருக்கிறதா என்று சொல்லுகிறவர் அவர். கடைசியாக வந்திருந்தபோது நான் பார்த்தேன், ஒரு கல்லை இரண்டு தட்டுத் தட்டிவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் ஓரமாக உருட்டி வைத்துவிட்டார். உன் ஃபோர்மேன் மறுகேள்வி கேட்கவில்லை. விளம்பரத்தை அடுத்த ஆண்டு மறுபடி எடுக்கலாம், இதை எடுக்க முடியாது. நல்ல மைக், நல்ல விளக்கு, பொறுமையான ஆள் என்று முழு நாளையும் அவருக்கே கொடுத்துவிடு. அவருக்கு அன்றைய கூலியைக் கொடுத்து, சம்மதத்தையும் எழுதி வாங்கிக்கொள். விற்பனைக்கு அது உதவாமல் போனாலும் அந்த நாளின் செலவை நான் குறை சொல்லமாட்டேன்.

கொட்டேஷனின் கடைசிப் பக்கத்துப் பொடியெழுத்தை நீ படித்திருக்க மாட்டாய் என்று எனக்குத் தெரியும். 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, காசு கொடுத்துப் படம் எடுக்கச் சொன்னவரே அதன் முதல் உரிமையாளர், ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதிக்கொள்ளாத வரை. இவர்கள் அதை வேறுவிதமாகத்தான் எழுதியிருக்கிறார்கள்: உரிமை அவர்களுடையது, உனக்குப் பயன்படுத்தும் அனுமதி மட்டும். அந்த வரியை நீக்கச் சொல். வெட்டாத ஃபுட்டேஜ் முழுவதும் ஹார்டு டிஸ்க்கில் உன் கைக்கு வர வேண்டும், எத்தனை முறை திருத்தம் செய்து தருவார்கள் என்று எண்ணிக்கை போட வேண்டும், பின்னணி இசைக்கு உரிமம் வாங்கிய ரசீது வேண்டும். சினிமாப் பாட்டைப் போட்டால் தூக்கலாக இருக்கும் என்று யாராவது சொன்னால் அன்றே அவர்களை அனுப்பிவிடு. டிரோனையும் கோட்டு போட்ட பேச்சையும் நீக்கிவிட்டு, உபயோகிக்கும் முறைக்கு ஒரு நாள், பெரியவருக்கு ஒரு நாள் என்று புதுக் கொட்டேஷன் கேட்டுப் பார். தொகை எவ்வளவு இறங்குகிறது என்று எனக்கும் தெரிய வேண்டும். தீபாவளிக்குள் முடிக்க வேண்டும், இந்த வாரமே அட்வான்ஸ் போடுங்கள் என்று அவசரப்படுத்தினால் கொடுக்காதே. திருத்திய ஒப்பந்தம் வந்ததும் கையெழுத்துப் போடாமல் திருமணத்துக்குக் கொண்டு வா, பந்திக்கு முன்பே உட்கார்ந்து படித்துவிடலாம்.

அன்புடன்,
உன் ரூம்மேட்