நினைவுப் படங்களுக்கும் வர்ணப் பிரதிகளுக்கும் புதிய மை: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

கிளிநொச்சி

அன்புடையீர்,

வரும் மாதம் முதலாம் திகதி தொடக்கம் எமது நிலையத்தில் மறைந்தவர்களின் நினைவுப் படங்கள், பழைய படங்களைத் திருத்திப் பெருப்பித்தல், சான்றிதழ்களின் வர்ணப் பிரதிகள் ஆகிய வேலைகளுக்கு, நிறம் தண்ணீரில் கரைந்திருக்கும் சாய மையை விடுத்து, நிறம் கரையாத நுண்துணிக்கைகளாக மிதக்கும் பிக்மென்ட் மையைப் பயன்படுத்த இருக்கிறோம். இவ்வேலைகளுக்கான கட்டணமும் அன்றிலிருந்து கூடும். மை என்றால் மைதானே, அதற்கு ஏன் இந்த விலை என்று முகப்பு மேசையில் பலர் கேட்கிறீர்கள். கேள்வி நியாயமானது, ஆனால் பின்னால் ஆட்கள் காத்து நிற்கும்போது சொல்லி முடிக்கக்கூடிய விடை அதற்கு இல்லை என்பதால் இம்மடலை எழுதுகிறோம்.

அச்சுப்பொறியின் மையிடம் ஒன்றுக்கொன்று முரணான இரண்டு குணங்களை நாம் எதிர்பார்க்கிறோம். பொறிக்குள் இருக்கும்வரை அது உலரவும் கூடாது, படியவும் கூடாது, கட்டியாகவும் கூடாது. கடதாசியில் விழுந்த பின்னரோ உடனே உலர வேண்டும், தண்ணீர் பட்டால் கரையக் கூடாது, வெயிலிலும் காற்றிலும் வெளிறக் கூடாது. மை செய்பவர்கள் நாற்பது ஆண்டுகளாகச் செய்துவரும் இரசாயனம் எல்லாம் பெரும்பாலும் இந்த முரணைத் தீர்க்கும் முயற்சிதான். மலிவான மையில் இம்முரணின் ஒரு பக்கம் மட்டுமே கவனிக்கப்பட்டிருக்கும்: மை துவாரத்தை விட்டு வெளியே வரும், வந்த பிறகு அதற்கு என்ன நேரும் என்பதைப் பற்றி அதைச் செய்தவருக்குக் கவலை இராது.

ஒளிப்படத் தரத்தில் அச்சிடும்போது பொறி வீசும் ஒரு துளியின் அளவு 3 பிகோலீற்றர் (ஒரு பிகோலீற்றர் என்பது லீற்றரின் இலட்சம் கோடியில் ஒரு பங்கு) என்று வைத்துக்கொண்டால், ஒரு மில்லிலீற்றர் மையிலிருந்து 33 கோடிக்கும் மேற்பட்ட துளிகள் உண்டாகும். அத்துளி வெளிவரும் துவாரம் 20 மைக்ரோமீற்றர் அளவிலானது. தலைமயிரின் தடிப்பிலும் சிறியது. துளியைத் தள்ளும் முறையோ பொறிக்குப் பொறி வேறுபடும். கனொன் நிறுவனத்தில் 1977இல் இச்சிரோ எண்டோ என்பவர், மை நிரம்பிய ஊசியில் சூடான பற்றாசுக்கோல் பட்டபோது மை தெறித்ததைக் கண்டதிலிருந்து வெப்பமுறை தொடங்கியது; எச்.பி. நிறுவனத்தில் ஜோன் வோட் என்பவரும் 1979இல் தனியாக அதே வழியை அடைந்தார். இம்முறையில் மையின் மெல்லிய ஒரு படலம் சில மைக்ரோசெக்கன்களில் 300 பாகை செல்சியசுக்கு மேல் சூடாகி நீராவிக் குமிழாகிறது. அக்குமிழே துளியைத் தள்ளுகிறது. எப்சன் பொறிகளில் சூடு இல்லை. மின்னழுத்தம் கொடுக்கும்போது வளையும் பீசோ படிகம் மையை அழுத்துகிறது. சூட்டைத் தாங்கும்படி செய்யப்படாத மையை வெப்பமுறைப் பொறியில் ஊற்றினால் சூடாக்கியின் மேல் கரி படிந்து, நாளடைவில் துளி மெலிந்து, ஈற்றில் நின்றுவிடும். ஒரு பொறியின் மை இன்னொன்றுக்கு ஆகாது என்று நாம் திரும்பத் திரும்பச் சொல்வது வியாபாரத் தந்திரம் அல்ல.

இத்தகைய மையின் பெரும்பகுதி தண்ணீரே. அதில் நிறம் தரும் பொருள் நூற்றுக்கு ஒரு சில பங்குதான். எஞ்சிய இடத்தில் கிளிசரோலும் கிளைக்கோல் வகைகளும் இருக்கின்றன. கிளிசரோல் தண்ணீரைப் பற்றிப் பிடித்து வைத்திருக்கும் இயல்புடையது. எனவே துவாரத்தின் வாயில் மை காய்ந்து அடைபடுவதைத் தடுக்கிறது. ஆடி, ஆவணியில் சோளகக் காற்று வீசி, தெருவின் கிரவல் தூசு கடைக்குள் வந்து படியும் காலத்தில் வீட்டுப் பொறிகள் ஏன் அதிகம் அடைபடுகின்றன என்பது இதிலிருந்து விளங்கும். அப்படியானால் கிளிசரோலைக் கூட்டிவிட்டால் என்ன என்று தோன்றலாம். கூட்டினால் மாரிகாலத்தில் அச்சிட்ட படம் நாட்கணக்கில் பிசுபிசுத்துக்கொண்டே இருக்கும். மை பாகு போலத் தடித்து, துளி ஒழுங்காகப் பிரியாமல் வால் நீளும். பாகுத்தன்மை தண்ணீரின் இரண்டு தொடக்கம் ஐந்து மடங்குக்குள் நிற்க வேண்டும் என்பது பொதுவான கணக்கு.

பரப்பிழுவிசையும், அதாவது திரவத்தின் மேற்பரப்பு சுருங்கி நிற்க முயலும் விசையும், இதே போன்ற இழுபறிதான். தண்ணீரின் பரப்பிழுவிசை மீற்றருக்கு 72 மில்லிநியூற்றன். மை சீராக வெளிவரவும் கடதாசியை நனைக்கவும் இதில் ஏறத்தாழ அரைவாசி அளவுக்கு இறக்க வேண்டும். அதற்காகச் சவர்க்காரத்தின் இயல்புடைய பொருள்கள் மிகச் சிறிதளவு சேர்க்கப்படுகின்றன. அதிகம் இறக்கினால் மை கடதாசியின் நார்கள் வழியே ஓடி எழுத்தின் ஓரம் பிசிர்விடும். போதாவிட்டால் மஞ்சளும் கறுப்பும் சந்திக்கும் இடத்தில் இரண்டும் உலர்வதற்கு முன் ஒன்றோடொன்று கலந்துவிடும். நல்ல உற்பத்தியாளர்கள் பலர் வர்ண மைகளை விரைந்து ஊறுமாறும் எழுத்துக்கான கறுப்பு மையை மெதுவாக ஊறுமாறும் வெவ்வேறாகச் செய்வது இதனால்தான்.

இனிச் சாயத்துக்கு வருவோம். ஆரம்பகால மைகளில் இருந்த சாயங்கள் பெரும்பாலும் உணவுக்கும் துணிக்கும் பயன்பட்டவை. அவற்றின் மூலக்கூறுகளில் சல்பொனிக் அமிலக் கூட்டங்கள் என்ற அணுத் தொகுதிகள் இருந்ததால் தண்ணீரில் நன்கு கரைந்தன. அதே காரணத்தால் அச்சிட்ட பின்னரும் கரைந்தன. வியர்த்த விரல் பட்டாலே கலங்கும் பிரதிகள் அக்காலத்தவை. இதற்குக் கண்ட தீர்வு எமக்கு எப்போதும் வியப்பளிப்பது: சல்பொனிக் கூட்டங்கள் சிலவற்றின் இடத்தில் காபொட்சிலிக் கூட்டங்களை வைத்து, மையைச் சற்றே காரமாக, பி.எச். 8 அல்லது 9 அளவில் வைத்தார்கள். காரத்தில் அச்சாயம் உப்பாகக் கரைந்திருக்கும்; கடதாசியின் அமிலத்தன்மையைச் சந்தித்தோ, கூட இருந்த அமோனியா ஆவியாகிப் போனோ காரம் குறைந்ததும் கரையாத அமில வடிவத்துக்கு மாறிவிடும். ஆனையிறவு உப்பிலிருந்து பரந்தனில் கோஸ்டிக் சோடா எடுத்த காலத்தை அறிந்த பெரியவர்களுக்கு அமிலமும் காரமும் புதிய சங்கதிகள் அல்ல. அதே பழைய இரசாயனம் இங்கே ஒரு துளியின் பருமனுக்குள் நடக்கிறது.

விலை ஏறும் இடமும் இதன் அருகில்தான் இருக்கிறது. சாயத்தைச் செய்யும்போது கரைசலில் உப்பைக் கொட்டியே அதைப் படியவைத்துப் பிரிப்பது வழக்கம். துணிக்குச் சாயமிட அந்த மிச்ச உப்பு தடையல்ல. 20 மைக்ரோமீற்றர் துவாரத்திலோ அது படிகமாகி அடைக்கும், குளோரைட்டு உலோகப் பாகங்களை அரிக்கும். எனவே மைக்கான சாயத்தை மென்சவ்வின் வழியே அழுத்தி உப்பை நீக்குகிறார்கள். வன்னிக் கிராமங்களில் குடிநீருக்காக அமைத்திருக்கும் ஆர்.ஓ. இயந்திரத்தின் தத்துவமும் இதுதான்; அங்கே நமக்கு வேண்டியது தண்ணீர், இங்கே வேண்டியது சவ்வைக் கடக்காமல் நிற்கும் சாயம். அதன்பின் மை முழுவதும் ஒரு மைக்ரோமீற்றரிலும் நுண்ணிய வடிகளால் வடிக்கப்படும். போத்தலில் இவை கண்ணுக்குத் தெரிவதில்லை. மலிவான மையின் போத்தலும் நல்ல மையின் போத்தலும் ஒரே கறுப்பாகத்தான் இருக்கும்.

நினைவுப் படங்களின் விடயமே எம்மை இம்மாற்றத்துக்குக் கொண்டுவந்தது. இடப்பெயர்வுகளில் வீடும் அல்பமும் போய், ஒரு அடையாள அட்டைப் படமோ, நாலுபேர் நிற்கும் படத்தின் ஒரு மூலையோ மட்டும் எஞ்சியிருக்க, அதைப் பெருப்பித்துத் தரும்படி வருவோர் எமது வாடிக்கையாளர்களுள் பலர். அப்படம் சுவரில் மாலையோடும் விளக்கோடும் ஆண்டுக்கணக்கில் இருக்கப் போவது. சாய மையில் ஒவ்வொரு சாய மூலக்கூறும் தனித்து நிற்கிறது. ஒளியும் ஒட்சிசனும் ஓசோனும் அதைத் தனியாகவே தாக்குகின்றன. விரைவில் உலரும் நுண்துளைக் கடதாசியில் நிலைமை இன்னும் மோசம், ஏனெனில் மை இறங்கிய துளைகள் வழியே காற்றும் இறங்குகிறது. நீலத்தைத் தரும் செப்பு தலோசயனீன் சாயம் ஓசோனால் முதலில் சிதைவதால், எஞ்சும் சிவப்பும் மஞ்சளும் மேலோங்கி முகம் செம்மஞ்சளாகிறது. 2000ஆம் ஆண்டளவில் வந்த சில ஒளிப்படப் பொறிகளின் படங்களில் இது சில வாரங்களிலேயே நிகழ்ந்து, உற்பத்தியாளர்களை மீண்டும் ஆய்வுகூடத்துக்கு அனுப்பியது. அதன்பின் இலத்திரன்களைத் தம்பக்கம் இழுக்கும் கூட்டங்களை அச்சாயத்தில் இணைத்து, ஓசோன் எளிதில் தாக்க முடியாதவாறு செய்தார்கள். இன்றைய தரமான சாய மைகள் அதனால் பழையவற்றைவிட நெடுநாள் நிற்கின்றன. தெருவோரப் போத்தலில் அத்தகைய சாயத்தை எதிர்பார்க்க முடியாது.

பிக்மென்ட் மையின் நீலமும் அதே செப்பு தலோசயனீன்தான். வேறுபாடு என்னவென்றால், இங்கே அதைக் கரையச் செய்யும் கூட்டங்கள் இணைக்கப்படவில்லை. அது 100 நனோமீற்றர் அளவிலான படிகத் துணிக்கைகளாக மிதக்கிறது. ஒரு துணிக்கைக்குள் எண்ணற்ற மூலக்கூறுகள் நெருங்கி அடுக்கப்பட்டிருப்பதால் வெளி அடுக்கு சிதைந்தாலும் உள்ளே இருப்பவை காக்கப்படுகின்றன. கறுப்புக்குக் காபன், அதாவது நன்கு பதப்படுத்திய புகைக்கரி. அது வெளிறுவதற்கு ஏதும் இல்லை.

ஆனால் கரையாத பொருளைத் தண்ணீரில் மிதக்க வைப்பது சாதாரண வேலையன்று. துணிக்கைகள் ஒன்றையொன்று கவர்ந்து ஒட்டிக்கொள்ளும் இயல்புடையவை. ஒட்டினால் படியும், படிந்தால் அடைக்கும். அதைத் தடுக்க ஒவ்வொரு துணிக்கையின் மேலும் பல்பகுதியப் போர்வை சுற்றுகிறார்கள், அல்லது காபனின் மேற்பரப்பிலேயே காபொட்சிலிக் கூட்டங்களைப் பிணைத்து மறை ஏற்றம் கொடுக்கிறார்கள். ஒரே ஏற்றம் கொண்டவை ஒன்றையொன்று தள்ளுவதால் மை குழம்பாமல் நிற்கிறது. இந்தச் சமநிலையைக் குலைக்கக் கல்சியம், மகனீசியம் போன்ற இரட்டை நேரேற்ற அயன்கள் சிறிதளவு போதும். வன்னியில் பல கிணறுகளின் தண்ணீர் வன்னீர் என்பதற்குத் தேநீர்க் கேத்திலின் அடியில் படியும் வெள்ளைப் படிவே சாட்சி. தயவுசெய்து எந்த மையிலும் கிணற்றுத் தண்ணீரைக் கலக்கவோ, பொறியில் மையை வீசும் பாகமான தலைப்பை அதனால் கழுவவோ வேண்டாம். சாய மையையும் பிக்மென்ட் மையையும் ஒரே தாங்கியில் ஊற்றுவதும் அதே விளைவைத் தரும். தாங்கிப் பொறிகளில் நிறம் குறைந்தவுடன் கையில் கிடைத்ததை ஊற்றும் பழக்கத்தால் கழற்றி எறிய வேண்டிவந்த தலைப்புகள் எமது திருத்தும் மேசைக்குப் போதிய அளவு வருகின்றன.

போத்தலுக்குள் மையைக் கெடுக்கும் இதே கல்சியம் கடதாசியின் மேல் நன்மை செய்கிறது. சில அலுவலகக் கடதாசிகளின் மேற்பரப்பில் வேண்டுமென்றே கல்சியம் குளோரைட்டு பூசப்படுகிறது. பிக்மென்ட் துளி விழுந்ததும் துணிக்கைகள் அங்கேயே திரண்டு, உள்ளே ஊறாமல் மேலே தங்குவதால் கறுப்பு ஆழமாகவும் ஓரம் கூர்மையாகவும் இருக்கும். பொதியில் கலர்லொக் என்ற குறி இருந்தால் இதுதான் பொருள். பாடசாலைகளும் கூட்டுறவுச் சங்கங்களும் மொத்தமாகக் கடதாசி வாங்கும்போது இக்குறியைப் பார்த்து வாங்குவது நல்லது.

பிக்மென்ட் எல்லாவற்றுக்கும் உகந்தது என்று சொல்ல மாட்டோம். துணிக்கைகள் மேற்பரப்பிலேயே தங்குவதால் பளபளப்பான கடதாசியில் நகம் பட்டால் கீறும், சாய்த்துப் பார்த்தால் மினுக்கம் சீரற்றுத் தெரியும். சாய மையின் துலக்கம் அதற்கு வராது. ஆகவே திருமண அல்பங்கள், பூப்புனித நீராட்டு விழாப் படங்கள், கலண்டர்கள், வாழ்த்து மடல்கள் ஆகியவற்றைப் பழைய கட்டணத்திலேயே சாய மையில் தொடர்ந்து செய்வோம். எழுத்து மட்டும் உள்ள விண்ணப்பங்களுக்கும் கடிதங்களுக்கும் எந்த மையும் வேண்டாம். லேசர் பிரதி மலிவானது, அதன் தூள் உருகி ஒட்டும் பிளாத்திக்கு என்பதால் தண்ணீரிலும் ஓடாது. 2018 மார்கழி வெள்ளத்துக்குப் பின் நனைந்த கோவைகளைப் பிரித்துப் பார்த்தவர்களுக்கு எந்தப் பக்கம் தப்பியது, எந்தப் பக்கம் கலங்கியது என்பது நினைவிருக்கும்.

பெருப்பித்த படங்களை அச்சிட்ட அன்றே தராமல் மறுநாள்தான் கையளிப்போம். மை தொட்டுப் பார்க்க உலர்ந்ததாகத் தெரிந்தாலும் கிளைக்கோலும் கிளிசரோலும் மெதுவாகவே வெளியேறும். உடனே கண்ணாடிச் சட்டத்துக்குள் அடைத்தால் கண்ணாடியின் உட்புறம் பனி படர்ந்ததுபோல மங்கும். அவசரமாகத் தேவைப்படுவோர் அந்தியேட்டிக்கு இரண்டு நாட்களுக்கு முன்னர் தந்தால் போதுமானது. சட்டம் போடும்போது படத்துக்கும் கண்ணாடிக்கும் இடையில் மெல்லிய அட்டை விளிம்பு வைக்கச் சொல்லுங்கள். நேர் வெயில் விழும் சுவரைத் தவிர்த்து, விளக்கையும் சாம்பிராணியையும் சற்றுத் தள்ளி வையுங்கள். எமது நிலையத்தில் முன்னர் சாய மையில் செய்த நினைவுப் படம் வெளிறியிருந்தால் கொண்டுவாருங்கள். கோப்பு எம்மிடம் இருந்தால் கடதாசியின் விலைக்கு மட்டும் புதிய மையில் மறுபடி அச்சிட்டுத் தருவோம்.

புதிய கட்டணப் பட்டியல் முகப்பு மேசைக்கு மேல் ஒட்டப்பட்டுள்ளது. முதலாம் திகதிக்கு முன் பதிவான வேலைகளுக்குப் பழைய கட்டணமே அறவிடப்படும்.

இங்ஙனம்,
நிலைய உரிமையாளரும் பணியாளரும்